‘ஒண்டுமில்ல’, ‘ஓம் மிஸ்’

மாலை ஆறரை மணி. மனுசன் வேலையால் வந்து மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிற்பாட்டுகிறார். முகம் சரியில்லை. குசினிக்குள் இருந்து குரல் வருகிறது: “என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” அவர் சொல்வது ஒரே சொல்: “ஒண்டுமில்ல.” தேத்தண்ணி வருகிறது. குடித்து முடித்த கோப்பை திரும்பிப் போகிறது. திருகோணமலையில் உப்புவெளியிலோ மட்டிக்களியிலோ தம்பலகாமத்திலோ, எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான்.

சில மாதம் கழித்து அதே மனைவி பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தருக்கு முன்னால் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “கோபம் வரேக்க கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ.” “ஓம் மிஸ்.” “ரெண்டு பேரும் மனம் விட்டுக் கதையுங்கோ.” “ஓம் மிஸ்.” அடுத்த முறைக்கு அவர் வருவதில்லை.

இரண்டு சொல்லும் செய்வது ஒரே வேலை: கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது. தாம்பத்திய உறவு பற்றிய ஆய்வும், உளச்சிகிச்சை எப்படிப் பலன் தருகிறது என்ற ஆய்வும் தனித்தனியாக வளர்ந்தவை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. நிலைத்த உறவுகளிலும் விரிசல் வருகிறது, பலன் தந்த சிகிச்சையிலும் விரிசல் வருகிறது. யாராவது அதைக் கண்டு, பெயர் சொல்லி, சீர்செய்தார்களா என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் வீடு. ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் லெவென்சனோடு சேர்ந்து 1970களில் தம்பதிகளை ஆய்வுகூடத்தில் இருத்தி, ஒரு பிணக்கைப் பற்றிக் கதைக்கச் சொல்லி, ஒளிப்பதிவு செய்து, இதயத் துடிப்பையும் அளந்தார். 1986இல் சியாட்டிலில் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடுபோல ஓர் ஆய்வுகூடமே அமைத்தார். வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில், பிரிவுக்கு இட்டுச்செல்லும் நான்கு பழக்கங்களை அவர் பிரித்தெடுத்தார். அவற்றை எங்கள் பேச்சில் கேட்டால் இப்படி இருக்கும்.

“தவணைக்காசு குடுக்க மறந்திட்டீங்கள்” என்பது முறைப்பாடு, அதில் தப்பில்லை. “உங்களுக்குக் குடும்பத்தில எப்பவாவது அக்கறை இருந்ததே?” என்றால் செயலை விட்டு ஆளைக் குற்றஞ்சாட்டுவது. இது முதலாவது. “நான் மட்டுமே? உம்மட தம்பி வாங்கின காசு எங்க?” என்பது தற்காப்பு, இரண்டாவது. “ஓ, பெரிய கணக்காளர் வந்திட்டார்” என்று உதட்டைச் சுழிப்பது இளக்காரம். நான்கிலும் கொடியது இதுதான் என்று கொட்மனின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. கடைசியானது சுவராகிவிடுவது. முகத்தைத் திருப்பி, வாயை மூடி, “ஒண்டுமில்ல” என்பது.

இந்தச் சுவரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் இதுதான் மிகத் தவறாக வாசிக்கப்படுகிறது. வாய் மூடிக்கொண்ட ஆள், பெரும்பாலும் ஆண், அமைதியாக இல்லை. கருவி பூட்டிப் பார்த்தால் இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், அடுத்தவர் சொல்வது காதில் விழுந்தாலும் மூளையில் ஏறாது. நகைச்சுவையும் வராது, விட்டுக்கொடுப்பும் வராது. மனைவி அதை “என்னில அக்கறையில்ல” என்று வாசிக்கிறார். உள்ளே நடப்பது நேர்மாறு: தாங்கவில்லை.

ஆகவே சண்டை நடுவே செய்ய வேண்டிய முதல் வேலை நாடி பார்ப்பது. மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து 15 செக்கன் எண்ணுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் கதையை நிறுத்த வேண்டும். உடல் தணிய ஆகக்குறைந்தது 20 நிமிடம் தேவை. ஆய்வுகூடத்தில் ஒருமுறை கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லித் தம்பதிகளைச் சண்டை நடுவில் நிறுத்தி, சஞ்சிகை படிக்க விட்டார்கள். 20 நிமிடம் கழித்து, துடிப்பு இறங்கிய பிறகு, அதே பிணக்கை அவர்கள் வேறு ஆட்கள்போலக் கதைத்தார்கள்.

இந்த இடைவேளை மூன்று விதமாகப் பிழைக்கும். ஒன்று, திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் எழும்பிப் போவது. அது இடைவேளை இல்லை, கைவிடல். “எனக்கு இப்ப தலை சூடாக் கிடக்கு. எட்டரைக்கு வந்து கதைப்பம்” என்று நேரம் சொல்லிப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வந்து தானே கதையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, அந்த 20 நிமிடமும் மனதுக்குள் வழக்கு நடத்துவது: “நான் இதைச் சொல்லியிருக்க வேணும், அதைச் சொல்லியிருக்க வேணும்.” துடிப்பு இறங்காது. கிணற்றடியில் முகம் கழுவுங்கள், மாட்டுக்கு வைக்கோல் போடுங்கள், டச்சுக் குடாப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்; புள்ளிமான் புல் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வழக்கு மறக்கும். மூன்றாவது, குடிக்கப் போவது. அதைப்பற்றி விளக்கத் தேவையில்லை.

சண்டை தொடங்கும் விதமும் முடிவைத் தீர்மானிக்கிறது. 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 124 புதுமணத் தம்பதிகளின் பிணக்குப் பேச்சில் முதல் மூன்று நிமிடத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். ஆறு வருடத்துக்குள் யார் பிரிவார் என்பதற்கு அந்த மூன்று நிமிடத்திலேயே அறிகுறி இருந்தது. கடுமையாகத் தொடங்கியது கடுமையாகவே முடிந்தது.

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. நுண்கடன் எடுத்த வீடு. செவ்வாய்க்கிழமை தவணை கேட்டு ஆள் வாசலில் நிற்கிறார், பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள், கையில் காசில்லை. இரவு கணவரிடம் எப்படித் தொடங்குவது? “நீங்கள் ஆம்பிளையா இருந்தா…” என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. மூன்று துண்டு போதும்: நடந்தது, எனக்கு என்ன செய்தது, எனக்கு என்ன வேண்டும். “செவ்வாய்க்கிழமை தவணைக்காரர் வாசலில நிக்கேக்க எனக்கு ஒரே அந்தரமாப் போச்சு. இனித் திங்கள் இரவே காசை எடுத்து அலுமாரியில வைப்பமே?” ஒரு சம்பவம், ஒரு கேள்வி. போன வருடத்துச் சம்பவத்தை இழுக்கக் கூடாது. “நீங்கள் சுயநலக்காரன் எண்டு எனக்குத் தோணுது” என்பதை உணர்ச்சி சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள்; அது ‘தோணுது’ என்ற சட்டை போட்ட குற்றச்சாட்டு. அந்தரம், பயம், வெட்கம், கவலை, தனிமை: இவற்றில் ஒன்று வாக்கியத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தம்பதிகளின் பிணக்குகளில் 69 வீதம் தீராதவை என்பது கொட்மனின் இன்னொரு கணக்கு. சுபாவம் வேறு, வளர்ந்த வீடு வேறு; நாலு வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே விடயத்தில்தான் நிற்கிறார்கள். இது எனக்கு ஆறுதலான கணக்கு. தீராத பிணக்கோடும் நன்றாக வாழலாம், அதைப் பற்றிக் கதைக்க முடிகிற வரை.

‘ஐந்துக்கு ஒன்று’ என்ற விகிதம் சமூக ஊடகங்களில் நிறையச் சுற்றுகிறது; பலர் அதைப் பிழையாகச் சொல்கிறார்கள். ஒருமுறை ஏசினால் ஐந்துமுறை புகழ வேண்டும் என்பதல்ல அது. நிலைத்த தம்பதிகள் பிணக்கைக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு கசப்புக்கும் ஐந்து இதமான விடயங்கள் கலந்திருந்தன என்பதே கண்டுபிடிப்பு. ஒரு தலையாட்டல், “அது சரிதான்” என்ற சொல், ஒரு சிரிப்பு, எல்லாம் கணக்கில் சேரும். பிரிந்தவர்களிடம் அது ஒன்றுக்கு 0.8 ஆக இருந்தது.

சண்டை இல்லாத நேரத்துக்கு வேறோர் அளவு இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. “இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பாரை மீன் நல்ல மலிவு” என்று ஒருவர் சொல்கிறார். இது மீனைப் பற்றிய தகவல் மட்டுமல்ல, ‘என் பக்கம் ஒருக்காத் திரும்புங்கள்’ என்ற சின்ன அழைப்பு. “அப்பிடியே, எவ்வளவு போகுது?” என்று திரும்பலாம். கைபேசியில் இருந்து கண்ணை எடுக்காமல் இருக்கலாம். புதுமணத் தம்பதிகளின் இத்தகைய அழைப்புகளை எண்ணிவைத்து ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு 86 தடவை திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 தடவைதான். எங்கள் வீடுகளில் நன்றி சொல்வதும் அன்பைச் சொல்லில் போடுவதும் குறைவு என்று குறைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீன் துண்டில் நடுத்துண்டை எடுத்துவைப்பதும், “சாப்பிட்டீங்களே?” என்று கேட்பதும் எங்கள் அழைப்புகள். கட்டாரிலோ குவைத்திலோ இருக்கிறவருக்கு வீட்டு முற்றத்து மழையை வீடியோவில் காட்டுவதும் அதுதான். அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் நஷ்டம்.

இந்த எண்களை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தம்பதிகள். யார் பிரிவார் என்று தொண்ணூறு வீதத்துக்கு மேல் சொல்லிவிடலாம் என்ற புகழ்பெற்ற கூற்று, முடிவு தெரிந்த பிறகு அந்தத் தரவிலேயே சூத்திரம் கட்டிப் பெற்றது. புதிய தம்பதிகளிடம் அதே சூத்திரத்தைப் போட்டால் துல்லியம் வெகுவாக இறங்கும் என்று 2001இல் ரிச்சர்ட் ஹேமனும் ஏமி சிலெப்பும் காட்டினார்கள். பழக்கங்களின் பட்டியல் பயனுள்ளது. சாதகம் பார்ப்பதற்கு அது உதவாது.

திருகோணமலைக்கென்று அந்த ஆய்வுகூடம் அறியாத சங்கதிகளும் உண்டு. கிழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அவர் மாமியின் வீட்டில், மனைவியின் சகோதரிகள் பக்கத்து வளவில் இருக்க, சண்டை பிடிக்க வேண்டும். குரல் உயர்ந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ‘ஒண்டுமில்ல’ என்பது சில வேளை மனைவிக்கான பதிலே இல்லை. அடுத்த அறையில் இருக்கிற மாமிக்கான பதில். இப்படியான வீட்டில் “மனம் விட்டுக் கதையுங்கோ” என்றால் எங்கே வைத்துக் கதைப்பது? கிழமையில் ஒரு மாலை, அரை மணித்தியாலம், வீட்டுக்கு வெளியே என்று இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்துகொடுப்பதுதான் உருப்படியான ஆலோசனை.

வெளியே இருந்து வரும் பாரம் மற்றது. பெஞ்சமின் கார்னியும் தோமஸ் பிராட்பரியும் 1995இல் 115 நீண்டகால ஆய்வுகளை அலசி, தாம்பத்தியத்தின் தரத்தை மூன்று சேர்ந்து முடிவு செய்கின்றன என்றார்கள்: ஆள் கொண்டுவரும் பலவீனங்கள், வாழ்க்கை கொண்டுவரும் நெருக்கடிகள், அவற்றுக்கு ஈடுகொடுக்கும் விதம். 2004 சுனாமியும் 2006 இடப்பெயர்வும் 2022 பொருளாதார நெருக்கடியும் ஒரே குடும்பத்தின் மேல் விழுந்த மாவட்டம் இது. மூதூரில், சம்பூரில் பலதடவை இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களின் எரிச்சலை ‘குணம்’ என்று எழுதிவிடுவது அநியாயம். சில தம்பதிகளுக்கு முதலில் வேண்டியது கடன் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி ஒழுங்குபடுத்த உதவும் ஆள். உளவளத்துணை அதற்குப் பிறகு.

வீட்டிலேயே செய்யக்கூடிய, செலவில்லாத பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். ஈலை ஃபின்கெல் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 120 தம்பதிகள் இரண்டு வருடம் இருந்தார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் உறவின் திருப்தி மெல்ல இறங்கியது. இரண்டாம் வருடத்தில் பாதிப் பேர் மட்டும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நிமிடம் எழுதினார்கள். மூன்று தடவை, மொத்தம் 21 நிமிடம். எழுத வேண்டியது: அண்மையில் வந்த பிணக்கை, இரண்டு பேருக்கும் நல்லது நினைக்கிற மூன்றாம் ஆள் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்ப்பதை எது தடுக்கிறது? அடுத்த சண்டையில் அதை எப்படி நினைவில் கொண்டுவருவேன்? எழுதியவர்களுக்கு அந்த இறக்கம் நின்றது. இங்கே பிழைக்கிற இடம் மூன்றாம் ஆளைத் தெரிவதில்தான். அம்மாவையோ அக்காவையோ நினைத்து எழுதினால் அவர் உங்கள் பக்கம்தான் பேசுவார். நீங்கள் இரண்டு பேரும் மதிக்கிற, இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒருவரை எடுங்கள்.

இனி ‘ஓம் மிஸ்’.

உளச்சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 1977இல் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பதில் சொன்னார்கள்: சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 75 வீதமானோரை விட நல்ல நிலையில் இருந்தார். எந்த முறை சிறந்தது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் எந்த முறையாக இருந்தாலும் சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையிலான பிணைப்பு பலனோடு சேர்ந்தே நகர்கிறது. 2018இல் ஃபுளூக்கிகரும் சகாக்களும் 295 ஆய்வுகளை, 30,000க்கு மேற்பட்டவர்களை வைத்துக் கணக்கிட்டபோது இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் இணைவுக் கெழு 0.278 வந்தது. பலனில் காணப்படும் வேறுபாட்டில் எட்டு வீதமளவு. சின்ன எண்ணாகத் தெரியலாம். முறைக்கும் முறைக்கும் இடையில் காணப்படுகிற வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் சின்னதல்ல.

பிணைப்பு என்றவுடன் அன்பாகச் சிரிப்பது என்று எடுக்கக் கூடாது. எட்வேர்ட் போர்டின் 1979இல் அதை மூன்றாகப் பிரித்தார்: எதற்காக இருக்கிறோம் என்ற உடன்பாடு, என்ன செய்யப்போகிறோம் என்ற உடன்பாடு, ஒருவரில் ஒருவர் வைக்கும் நம்பிக்கை. எங்கள் ஊரில் முதலாவதுதான் அதிகம் உடைகிறது. மாமியார் “சேர்த்து வையுங்கோ” என்று அனுப்புகிறார். மனைவி “நான் சொல்லுறதை ஒருத்தராவது கேளுங்கோ” என்று வருகிறார். கணவர் “வழக்குக்குப் போகாமல் இருந்தாப் போதும்” என்று வருகிறார். உறவுப் பெரியவர்களும் மத்தியஸ்த சபையும் செய்கிற இணக்கம் வேறு, உளவளத்துணை வேறு. முதல் சந்திப்பிலேயே ஒவ்வொருவரையும் “இந்த அலுவல் சரிவந்தால் வீட்டில என்ன மாறியிருக்கும்?” என்று தனித்தனியே கேட்டு, பதிலை அவர்கள் சொல்லிலேயே எழுதிவைக்காவிட்டால் எட்டாம் சந்திப்பிலும் மூன்று பேரும் மூன்று திசையில்தான் நிற்பார்கள்.

ஜெரமி சஃப்ரானும் கிறிஸ்டோபர் முரானும் சிகிச்சையில் வரும் விரிசலை இரண்டு வகையாகக் கண்டார்கள். ஒன்று மோதல்: “உங்களிட்ட வந்து ஒரு பிரயோசனமும் இல்ல.” மற்றது ஒதுங்கல்: ஒத்துப்போவதுபோல ஒத்துப்போய்ப் பின்வாங்குவது. முதலாவது காதில் விழும். இரண்டாவது ‘ஓம் மிஸ்’ என்று மரியாதையாக வரும். உத்தியோகத்தரை எதிர்த்துக் கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள்; மேசைக்கு அந்தப் பக்கம் கோப்பு, இந்தப் பக்கம் கதிரை என்றால் அது மனுக் கொடுக்கும் இடமாகவே தெரியும். கதிரைகளை மேசைக்கு வெளியே எடுத்து, நேருக்கு நேர் இல்லாமல் சற்றுச் சரிவாகப் போடுங்கள். கதவுக்கு வெளியே வாங்கில் காத்திருப்பவர்களுக்குக் கதை கேட்காமல் இருக்கக் கதவடியில் ஒரு மின்விசிறியை ஓடவிடுங்கள். சின்ன நகரம் இது. இரகசியம் காக்கப்படும் என்று சொன்னால் மட்டும் போதாது, அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தொடர்ந்து மூன்று ‘ஓம்’ வந்தால் சிகிச்சையாளர் நிற்க வேண்டும். நின்று, தன் பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும்: “நான் கொஞ்சம் அவசரப்பட்டுப் புத்தி சொல்லிட்டன் போல. நான் சொன்னதில எது உங்கட வீட்டுக்குச் சரிவராது?” ‘சரிவருமா’ என்று கேட்டால் ‘ஓம்’ வரும், ‘எது சரிவராது’ என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். “அவர் கதைக்கிற ஆள் இல்ல மிஸ், கதைச்சால் அடுத்த நாள் மாமிக்குப் போயிடும்” என்று அப்போதுதான் வெளியே வரும். உண்மையான வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது. அந்த வேளையில் ஆலோசனையை நியாயப்படுத்தப் போனால் விரிசல் இன்னும் விரியும்.

இதை வழக்கமாக்க ஒரு கருவி இருக்கிறது. ஸ்கொட் மில்லரும் பாரி டங்கனும் சகாக்களும் உருவாக்கியது. அடிமட்டமும் கொப்பியும் இருந்தால் அதன் வடிவம் விளங்கிவிடும். பத்துச் சென்ரிமீற்றரில் நான்கு கோடு. என்னை விளங்கிக்கொண்டார்களா, நான் கதைக்க விரும்பியதைக் கதைத்தோமா, கதைத்த முறை எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் இன்றைய சந்திப்பு எப்படி. சந்திப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புள்ளி போடச் சொல்லி அளந்து கூட்டினால் 40க்கு ஒரு எண் வரும். 36க்குக் கீழே இருந்தால் அதைக் கதைக்காமல் அனுப்பக் கூடாது. இங்கே என்ன நடக்கும்? எல்லோரும் 40 போடுவார்கள், மரியாதைக்காக. ஆகவே 40ஐ வெற்றியாக எடுக்காமல், “ஒரு சென்ரிமீற்றர் குறைக்கச் சொன்னால் எந்தக் கோட்டில குறைப்பீங்கள்?” என்று கேளுங்கள். இரண்டாம், மூன்றாம் சந்திப்பில் எண் இறங்கினால் சந்தோசப்படலாம். உங்களிடம் உண்மை சொல்லலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது.

இருவரையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சையில் பொதுவான ஒழுங்கு, முதலில் இருவரும் சேர்ந்து, பிறகு ஒவ்வொருவரும் தனியாக, நான்காவதில் சேர்த்து வைத்து நிலைமையை விளக்குவது. தனிச் சந்திப்பு ஏன் கட்டாயம் என்றால், “வீட்டில உங்களுக்குப் பயமிருக்கா?” என்ற கேள்வியை மற்றவர் முன்னால் கேட்க முடியாது. அடி, மிரட்டல், வெளியே விடாமை இருந்தால் சேர்த்து வைத்துக் கதைப்பது ஆபத்து. அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அது உறவுத் திறன் பிரச்சினையே அல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

எத்தனை தடவை வர வேண்டும்? கெனத் ஹவார்டும் சகாக்களும் 1986இல் தொகுத்த கணக்கில், தனிநபர் சிகிச்சையில் எட்டுச் சந்திப்புக்குள் பாதிப் பேரும், 26க்குள் நான்கில் மூன்று பேரும் முன்னேறியிருந்தார்கள். நீண்டநாள் கடுமையாகப் பிணங்கியிருந்த 134 அமெரிக்கத் தம்பதிகளுக்கு, கூடியது 26 சந்திப்பாக, அன்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் நடத்திய ஆய்வில் ஐந்து வருடம் கழித்துப் பாதியளவானோர் தெளிவாக நல்ல நிலையில் இருந்தார்கள், நான்கில் ஒரு பங்கு பிரிந்திருந்தார்கள். இதை மறைக்காமல் முதல் நாளே சொல்ல வேண்டும். புல்மோட்டையில் இருந்தோ வெருகலில் இருந்தோ நகரத்துக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். “எட்டுத் தடவை வருவம், நாலாவதில நிண்டு கணக்குப் பார்ப்பம்” என்று எண்ணைச் சொன்னால் அவர்களால் திட்டமிட முடியும். உலகளவிலேயே ஐந்தில் ஒருவர் இடையில் நின்றுவிடுகிறார். முடிவில்லாமல் இழுபட்டால் இங்கே இன்னும் பலர் நிற்பார்கள்.

நாலாவதில் ஒன்றும் அசையவில்லை என்றால் வேறொரு உளவளத்துணையாளரிடம் அனுப்பித்தரச் சொல்லிக் கேட்பது வந்தவரின் உரிமை. அசைந்திருந்தால், கிழமைக்கு ஒருமுறை என்பதைப் பதினைந்து நாளுக்கும் பிறகு மாதத்துக்கும் தள்ளலாம். கடைசிச் சந்திப்பில் இருவரும் கொப்பியில் ஒரு பக்கம் எழுத வேண்டும்: எங்கள் வீட்டில் விரிசல் தொடங்கும்போது முதலில் தெரிவது என்ன, அப்போது யார் என்ன சொல்வது. அதே கொப்பியில் மூன்று மாதம் தள்ளி ஒரு திகதியையும் அன்றே குறித்துக் கொடுங்கள். “பிரச்சினை வந்தால் வாங்கோ” என்று அனுப்பினால், பிரச்சினை வந்த நாளில் வெட்கத்தில் வரமாட்டார்கள்.